ஐ3யா, 5600ஜியா, பழைய டவரா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு பட்ஜெட் கம்ப்யூட்டர் அலசல்

கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் போடுகிறவருக்கும் மன்னார்குடி மண்டியில் டேலி பார்க்கிறவருக்கும் கடையில் எழுதித் தரும் கொட்டேஷன் பெரும்பாலும் ஒன்றுதான்: பெயரளவில் ஒரு ஐ5, 8 ஜிபி ராம் ஒற்றை ஸ்டிக், கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை). கையில் பணம் குறைவாக இருக்கும்போது கோட்டை விடுவது இந்த மூன்றிலும்தான்.

குறைந்த பட்ஜெட்டில் நேருக்கு நேர் நிற்பவை மூன்று. ஒன்று, இன்டெல் ஐ3 12100 புராசஸர், ஹெச்610 மதர்போர்டு. இரண்டு, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, ஏ520 அல்லது பி550 போர்டு. மூன்றாவது, கம்பெனிகள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை ஐ5 டவர். விலையை இங்கே எழுதிப் பயனில்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து காலையில் வாங்கிய கொட்டேஷனைச் சாயங்காலம் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

ஐ3 12100 எதிர் 5600ஜி

எண்ணிக்கையில் 5600ஜிதான் பெரிது: 6 கோர் (புராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை). ஐ3யில் 4 கோர், 8 த்ரெட். ஆனால் போட்டோஷாப், கோரல்டிரா, டேலி போன்றவை பெரும்பாலான வேலைகளை ஒன்றிரண்டு கோரிலேயே ஓட்டுகின்றன. அங்கே ஒற்றைக் கோரின் வேகம்தான் எடுபடும், அதில் ஐ3க்கே கை ஓங்கியிருக்கிறது. 3டி ரெண்டர், பெரிய ஃபைல்களைச் சுருக்குவது போல எல்லா கோரையும் உறிஞ்சும் வேலை என்றால் 5600ஜி தெளிவாக முந்தும்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பல, நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 வடிவில், எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவு செய்கின்றன. அதை ஹார்ட்வேரிலேயே பிரித்துப் படிக்கும் வசதி 12100க்குள் இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸில் உண்டு, 5600ஜியில் இல்லை. டைம்லைனை இழுக்கும்போது படம் ஒழுங்காக நகர்வதும் திக்கித் திக்கி நிற்பதும் இதனால்தான். அதே 4:2:2 வீடியோ எச்.264 ஆக இருந்தால் ஐ3யிலும் இந்த உதவி கிடையாது. அதனால் கேமரா செட்டிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி: விலை குறைவு என்று 12100எஃப் தலையில் கட்டுவார்கள். எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸே இல்லை. மானிட்டர் வயரைப் போர்டில் செருகினால் கறுப்புத் திரைதான் வரும்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணமில்லை, பசங்க வேலரன்ட், ஜிடிஏ 5 விளையாட வேண்டும் என்றால் பேச்சே இல்லை, 5600ஜி. அதன் வேகா 7 கிராபிக்ஸ் யுஎச்டி 730ஐவிட நல்ல தூரம் முன்னே. ஒரு நிபந்தனை, ராம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். அந்தக் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. ராமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. 3200 வேக டிடிஆர்4 (ராமின் ஒரு தலைமுறை) ஒற்றை ஸ்டிக்கில் நொடிக்கு 25.6 ஜிபி போய்வரும், இரண்டில் 51.2. ஒரு 16 ஜிபி ஸ்டிக்கைப் போட்டுவிட்டு "அப்புறம் ஒன்னு சேத்துக்கலாம் சார்" என்று சொல்லும் கடையில், 8 ஜிபி இரண்டாகக் கேட்டு வாங்குங்கள். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவர்களுக்கு 16 ஜிபி போதாது. புராசஸரில் ஒரு படி இறங்கியாவது 32 ஜிபிக்குப் போவது மேல்.

போர்டு வாங்குமிடத்தில் இரண்டு பக்கமும் குழிகள் உண்டு. ஹெச்610 போர்டுகள் டிடிஆர்4க்குத் தனி, டிடிஆர்5க்குத் தனி. பெட்டியில் படித்துப் பார்க்காமல் ராம் வாங்கக் கூடாது. ஏஎம்டி பக்கம், பழைய ஸ்டாக் பி450 போர்டு கொடுத்தால் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் தொடக்க சாஃப்ட்வேர்) அப்டேட் செய்யாமல் 5600ஜி ஆன் ஆகாது. கடையிலேயே அப்டேட் செய்து, டிஸ்ப்ளே வருவதைப் பார்த்து வாங்குங்கள். எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே: 5600ஜியும், ஹெச்610ல் எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டும் ஜென்3 (பிசிஐ இணைப்பின் மூன்றாம் தலைமுறை) வேகத்தோடு நின்றுவிடும். ஜென்4க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தண்டம். பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பதாக இருந்தால் இதை மறக்காதீர்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்று நான்கே லேன் (டேட்டா போகும் பாதை) உள்ள கார்டு 5600ஜியில் கணிசமாகத் தொய்ந்துவிடும்.

ஏஎம்டியின் அடுத்த தலைமுறை ஏஎம்5 போர்டு, 8500ஜி புராசஸர் என்று ஆசை காட்டுவார்கள். அதற்கு டிடிஆர்5தான் போட முடியும். இப்போதைய ராம் விலையில் அது பட்ஜெட்டுக்கு வெளியே.

பழைய டவர்

டேலி, பிரவுசர், பிரிண்ட், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு. இவ்வளவுதான் வேலை என்றால் புதிதாக அசெம்பிள் செய்யத் தேவையே இல்லை. ராம் உள்ளேயே வருகிறது என்பதே இன்று பெரிய லாபம். ஆனால் தலைமுறை முக்கியம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாகப் போட முடியும். ஆகவே ஐ5 8500 சரி, ஐ5 6500 வேண்டாம். ஸ்டிக்கரை நம்பாமல், ஆன் செய்து சிஸ்டம் விவரத்தில் பெயரைப் பாருங்கள். பயாஸுக்குள் நுழைந்து பாஸ்வேர்ட் கேட்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி பூட்டு போட்ட மெஷின்கள் நிறைய சுற்றுகின்றன.

பெரிய குறை, உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸும் போர்டும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த அளவு. எஸ்எம்பிஎஸ் போய்விட்டால் தஞ்சாவூர் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் (பொதுவான அளவு) எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது. ஒல்லி கேபினெட் மாடலில் குட்டைக் கிராபிக்ஸ் கார்டுதான் நுழையும்.

கரண்ட் பக்கம்

புராசஸரில் மிச்சம் பிடித்ததை இங்கே போடுங்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஐ3யும் 5600ஜியும் மானிட்டரோடு சேர்த்து முழு லோடில் 150 வாட் சுற்றித்தான் இழுக்கும். 450 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) தரச் சான்று உள்ள பிராண்டட் எஸ்எம்பிஎஸ் தாராளம். கேபினெட்டோடு வருவதில் 500 வாட் என்று அச்சடித்திருந்தாலும் அதை நம்பி நல்ல போர்டை மாட்டாதீர்கள்.

ராத்திரி மோட்டார் ஓடும் நேரத்தில் லோ வோல்டேஜ் இருக்கும் ஊரென்றால் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எஸ்எம்பிஎஸ் பார்த்து வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டலாமா என்று கேட்பார்கள். ஸ்கொயர் வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டரில், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் இரையும், சில சமயம் அணைந்தும் போகும். லைன் கரண்ட் மாதிரியே அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்க வேண்டும். கரண்ட் போனதும் எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி நொடிதான் மூச்சைப் பிடித்திருக்கும், சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் மோடிலும் ஒரு சிக்கல்: வோல்டேஜ் 180 வாக்கில் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும், பேட்டரி சீக்கிரம் தீரும். லோ வோல்டேஜ் தெருவில் தனியாக ஒரு 600 விஏ யுபிஎஸ் வைப்பதே நிம்மதி. ஃபைலை சேவ் செய்து அணைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் போதாதா?

எர்த் இல்லாத பழைய வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். புது எஸ்எம்பிஎஸ் மட்டம் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் எர்த்துக்குப் போக வேண்டிய கசிவைக் கேபினெட்டில் விடுகின்றன. எர்த் இல்லையென்றால் அங்கே 115 வோல்ட் வரை மிதக்கும். மட்டமான பழைய எஸ்எம்பிஎஸில் அந்த ஃபில்டரே பெரும்பாலும் இருந்திருக்காது, அதனால்தான் அப்போது தெரியவில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போடுவதுதான் வழி.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ராமின் தங்க முனைகள் கறுத்து, ஒருநாள் பீப் மட்டும் அடிக்கும், டிஸ்ப்ளே வராது. ராமைக் கழற்றி பென்சில் ரப்பரால் முனைகளை மெல்லத் தேய்த்துத் துடைத்து மாட்டினால் பாதி கேஸ் சரியாகிவிடும். களத்துமேடு, ரைஸ்மில் பக்கத்தில் இருப்பவர்கள் முன்பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய வலை உள்ள கேபினெட்டாக எடுங்கள். அறுவடைக் காலத்தில் மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். கேபிள் டிவி வயரில் இன்டர்நெட் வருகிறதென்றால் ஐப்பசி, கார்த்திகை இடிக்கு முதலில் போவது போர்டில் நெட் வயர் செருகும் லேன் போர்ட்தான். கண்ணாடி இழை ஃபைபருக்கு மாறுங்கள், இல்லையேல் வானம் இருட்டியதும் வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில்லில் புராசஸர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் ஏற வேண்டும். பெட்டி இல்லாத ட்ரே புராசஸர் என்றால் வாரண்டி கம்பெனியுடையதா, கடையுடையதா என்று அதே பில்லில் எழுதி வாங்குங்கள்.