நெற்றியில் மாட்டும் மனச்சோர்வு மிசின்: காசு கொடுக்க முதல் ஒருக்கா வாசியுங்கள்

போன மாசியில் 85,000 ரூபா கொடுத்து இந்த மிசினை வாங்கினேன். மூளைக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்து மனச்சோர்வைப் போக்குமாம். விற்றவர் கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கே வந்து விளக்கினார். அப்பா போனபிறகு இரண்டு வருடமாகக் கிளினிக், வென்லாஃபக்சின் என்ற மனச்சோர்வுக் குளிசை என்று அலைந்தவள் நான். வரிசையில் தெரிந்தவர் கண்ணில் படாமல் வீட்டிலேயே முடித்துவிடலாம் என்றதும் விழுந்துவிட்டேன். காசு கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பியது.

இந்த வைத்தியமே பொய் என்று சொல்ல வரவில்லை. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 174 பேர் 10 வாரம் வீட்டிலிருந்தே செய்துபார்த்த ஆய்வு 2024 இல் வெளிவந்தது. மின்சாரம் உண்மையாகக் கிடைத்தவர்களில் ஏறக்குறைய 45 வீதம் பேர் மீண்டார்கள். மின்சாரம் இல்லாமல் பேருக்கு மட்டும் மிசின் மாட்டப்பட்டவர்களில் 22 வீதம். விற்பனைத் தாளில் அந்த 45 மட்டும்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. பிரேசிலில் 210 பேரை வைத்துச் செய்த வீட்டு ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை என்பதையும் பிறகுதான் அறிந்தேன். சரி, அதை விடுவோம். ஆய்வுக்கு எடுத்த கருவி வேறு, என் தலையில் கட்டிய பெட்டி வேறு.

"தங்கச்சி, இதைப் போடேக்க குளிசை தேவையில்லை, நிப்பாட்டுங்கோ" என்றார் விற்றவர். நிப்பாட்டினேன். மூன்றாம் நாள் தலைச்சுற்று, ஓங்காளம், கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி. போன் எடுத்துக் கேட்டால், "பார்த்தீங்களோ, மிசின் வேலை செய்யுது!" அது வென்லாஃபக்சினைத் திடீரென நிறுத்தினால் வருவது என்று கிளினிக் டொக்டர் பிறகு சொன்னார். அந்த 174 பேரிலும் குளிசை எடுத்துக்கொண்டே மிசின் போட்டவர்கள் இருந்தார்கள்.

இரண்டாம் கிழமை நெற்றியின் இடப்பக்கம் கொப்பளித்தது. நெற்றியில் படும் ஸ்பொஞ்ச் உப்புத்தண்ணீரில் நன்றாக ஊறியிருக்க வேண்டும். காய்ந்தால் மின்சாரம் ஒரே இடத்தில் ஏறித் தோலைச் சுடும். ஒழுங்கான கருவி அதை அறிந்து தானே நின்றுவிடும், மின்சாரத்தையும் மெல்ல மெல்லத்தான் ஏற்றும். போன் திருத்துகிற ஒன்றுவிட்ட தம்பி மீற்றர் பிடித்துப் பார்த்தான். 2 மில்லியம்பியர் என்று எழுதியிருந்த பெட்டி, போட்டவுடனேயே 4 ஐத் தாண்டி எகிறியது. கழற்றினால் ஒரு பற்றரியும் சின்னப் போர்டும். அந்தத் தழும்பை மறைக்க அம்மா இப்போதும் திருநீற்றை அகலமாகப் பூசிவிடுகிறா.

காசைத் திருப்பிக் கேட்டேன். "மருத்துவப் பொருள், பாவிச்சதைத் திருப்பி எடுக்க ஏலாது." அப்படியென்றால் 2015 ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்து அதிகாரசபையில் பதிந்த இலக்கத்தைத் தாருங்கள் என்றேன். "இது மருத்துவப் பொருள் இல்லையே, தங்கச்சி" என்றார். வாங்க முதலே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இப்போது வேறு பெயரில் பேஸ்புக்கில் அதே வெள்ளை நெற்றிப்பட்டியின் விளம்பரம் ஓடுகிறது. விலை 95,000. கீழே அதே வரி: "கிளினிக்கும் வேண்டாம், குளிசையும் வேண்டாம்."