காதுக்குள் ஊசி போடுமுன் அது என்ன மருந்து என்று கேளுங்கள்

எனக்கு வலது காதில் மெனியர் நோய் இருக்கிறது. காது கனத்து அடைத்துக்கொள்ளும், உள்ளே மோட்டார் ஓடுவதுபோல இரைச்சல் எழும், சற்று நேரத்தில் அறையே சுழலத் தொடங்கும்; இரண்டு மூன்று மணி நேரம் வாந்தியெடுத்தபடி ஒருக்களித்துக் கிடக்க வேண்டியதுதான். உணவில் உப்பைக் குறைத்தேன், தலைசுற்றலுக்கான பீட்டாஹிஸ்டின் மாத்திரையை ஒன்றரை ஆண்டு விடாமல் விழுங்கினேன். வகுப்பறையிலேயே இருமுறை விழுந்த பிறகு, தலைசுற்றலுக்கென்றே நடத்தப்படும் ஒரு தனியார் மையத்துக்கு என் கணவர் அழைத்துச் சென்றார். அங்கு எனக்கு நேர்ந்ததை, அதே ஊசிக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் செவித்திறன் சோதனை ஒன்று எடுத்தார்கள். மருத்துவர் ஐந்து நிமிடம் பேசினார். "நரம்புக்கு ஊட்டம் குடுக்கிற மருந்தும்மா, நேரா காதுக்குள்ளேயே போயிடும், பக்கவிளைவே கிடையாது" என்றார். மூன்று ஊசிகளுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் மருந்தின் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. கேள்வித்தாளை இரண்டு முறை படியுங்கள் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லும் நான், அதைப் படிக்காமலே கையெழுத்திட்டேன்.

செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் அதைத் துளைத்து நடுச்செவிக்குள் மருந்தைச் செலுத்தினார்கள். எச்சில் விழுங்காமல், அந்தக் காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் படுத்திருந்தேன். வலி பெரிதாக இல்லை. நான்காம் நாளிலிருந்து பரிசலில் நடப்பதுபோலக் கால்கள் தடுமாறின. அதைச் சொன்னதும் "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று ஆறாம் நாள் இரண்டாவது ஊசியையும் போட்டார்கள். அதற்குப் பிறகு வலது காதில் தொலைபேசியை வைத்தால் குரல் உடைந்து, சொற்கள் பிடிபடாமல் கேட்டன. மீண்டும் செவித்திறன் சோதனை செய்யும்படி கேட்டேன். "மூணும் முடியட்டும்மா, சேர்த்துப் பாத்துக்கலாம்" என்றார்கள். பன்னிரண்டாம் நாள் மூன்றாவது ஊசி.

பிறகு அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனபோது, அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து போட்டார்கள் என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. ரசீதில் 'காது ஊசி' என்று மட்டுமே இருந்தது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று அவர்தான் சொன்னார். எழுத்து மூலம் கேட்டு வாங்கினேன். மூன்று முறையும் ஜென்டாமைசின்.

நரம்புக்கு ஊட்டம் என்று சொல்லப்பட்ட அந்த மருந்து, உண்மையில் கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக். அது நடுச்செவியிலிருந்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வட்டச் சாளரச் சவ்வு வழியாக உட்செவிக்குள் இறங்கி, சமநிலையை உணரும் மயிரணுக்களை, அதாவது மயிர்போன்ற நுண் இழைகள் கொண்ட அணுக்களை அழிக்கிறது. பழுதான காது மூளைக்குத் தவறான செய்தி அனுப்புவதால்தான் தலை சுற்றுகிறது. ஆகவே அந்தச் செய்தியையே நிறுத்திவிடுவதுதான் இந்தச் சிகிச்சையின் நோக்கம். 1950-களில் ஹரால்ட் ஷுக்நெக்ட் என்ற அமெரிக்கக் காது மருத்துவர், அதே வகை ஆன்டிபயாடிக்கான ஸ்ட்ரெப்டோமைசினைக் கொண்டு இதைத் தொடங்கினார். ஜென்டாமைசின் சமநிலை அணுக்களை அதிகமாகவும் கேட்கும் அணுக்களைக் குறைவாகவும் தாக்கும் என்பதால் பின்னர் அது நிலைபெற்றது. குறைவாகத் தாக்கும் என்றால் தாக்காது என்று பொருளல்ல. அழிந்த மயிரணுக்கள் மனிதர்களுக்கு மறுபடி கேட்கும்படி வளர்வதுமில்லை.

இதே வழியில் செலுத்தப்படும் இன்னொரு மருந்து ஸ்டீராய்டு. அது எதையும் அழிப்பதில்லை. மற்ற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத மெனியர் நோயாளிகள் 60 பேரிடம் இங்கிலாந்தில் நடந்து 2016-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், மெத்தில்பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு தலைசுற்றலை 90 விழுக்காடும் ஜென்டாமைசின் 87 விழுக்காடும் குறைத்தன. அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. அந்த ஆய்விலும் முதலில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள்தான் போடப்பட்டன. எனக்குப் பன்னிரண்டு நாள்களில் மூன்று. ஜென்டாமைசினின் விளைவு சில நாள்கள் கழித்தே தெரியும் என்பதால், ஒன்று போட்டுவிட்டுப் பல வாரம் பொறுத்திருந்து, செவித்திறனை அளந்த பிறகே அடுத்ததைப் பற்றி யோசிக்கும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் தடுமாறியபோது மருந்து வேலை செய்கிறது என்று அவர்கள் சொன்னது பொய்யல்ல. அடுத்த ஊசியை நிறுத்திவைக்க வேண்டிய அறிகுறியே அதுதான்.

ஜென்டாமைசின் போடுமுன், மறுகாது நன்றாகக் கேட்கிறதா, அதிலும் இந்த நோய் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வகை மருந்தால் தாய்வழி உறவினர் யாருக்காவது காது கேளாமல் போனதா என்றும் கேட்க வேண்டும். தாயிடமிருந்து வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குச் சிறிய அளவே பெரும் கேடாகலாம். இவற்றில் எதையும் என்னிடம் கேட்கவில்லை. அங்கே காத்திருந்தபோது என் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு, படுக்கையில் புரண்டால் மட்டும் அரை நிமிடம் தலை சுற்றுமாம், காதில் எந்தக் குறையும் இல்லையாம். அவருக்கும் இதே மூன்று ஊசிகளுக்குத்தான் பணம் வாங்கியிருந்தார்கள். அவர் சொன்னது, உட்செவியின் சுண்ணத் துகள்கள் இடம் மாறுவதால் வரும் தலைசுற்றல்போலவே இருக்கிறது. அதற்குத் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் எப்ளி முறையே பெரும்பாலும் போதும், ஊசி தேவையில்லை. இதையெல்லாம் அன்று நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

சுழலும் தாக்குதல்கள் எனக்கு நின்றுவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் வலப்பக்க மாணவிகள் கேள்வி கேட்டால் யார் கேட்டது என்று தெரிவதில்லை, மின்சாரம் போன இரவில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடிவதில்லை. சமநிலைப் பயிற்சிகளை நாள்தோறும் செய்துவருகிறேன். சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை விளக்கிப் பெறுவதே ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வெறுமையாக விடப்பட்ட அந்தப் படிவத்தின் நகலை இணைத்து மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும் என்பதால் அதற்கான தாள்களையும் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.