அதே பெயர்தானே என்று இருமல் சிரப்பை வாங்கிவிடாதீர்கள்

டெல்லியில் நவம்பர் பிறந்தால் எங்கள் மயூர் விஹாரில் இருமல் இல்லாத வீடு கிடையாது. இந்த முறை எங்கள் வீட்டில் அம்மா. சளியை இளக்க ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார் டாக்டர். சீட்டோடு கடைக்குப் போனேன். அம்மாவின் மனச்சோர்வுக்கு மாதாமாதம் ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரை வாங்குவதும் அதே கடையில்தான்.

கடைக்காரர் நீட்டிய பாட்டிலில் பெயர் அதேதான், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வால் எழுத்து மட்டும் வேறு. கேட்டேன். "ஏக் ஹி ஹை, பாயி சாப்" என்றார், இரண்டும் ஒன்றுதானாம். பில்? பிரிண்டர் வேலை செய்யவில்லையாம். சரி என்று வந்துவிட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் ராத்திரி அம்மாவுக்குக் கை நடுக்கம், வியர்த்துக் கொட்டியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. "கொல்லைக் கதவைச் சாத்துடா" என்றாள். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் ஏது கொல்லை!

எமர்ஜென்சி டாக்டர் அம்மாவின் பாதத்தைச் சட்டென மேல்நோக்கி வளைத்துப் பிடித்தார். அது தானாகத் துடித்துக்கொண்டே இருந்தது. உடனே, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். பாட்டிலைக் காட்டினேன்.

உள்ளே இருந்தது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். இது சளியை இளக்காது. மூளைக்குள் போய் இருமலை அடக்கும். இதுவும் ஃப்ளூவாக்ஸெடினும் சேர்ந்தால் மூளையில் செரடோனின் என்ற ரசாயனம் எகிறிவிடும்; நடுக்கம், வியர்வை, பாதத் துடிப்பு எல்லாம் அதனால்தான். போதாததற்கு, கல்லீரலை இந்தச் சிரப் மருந்தைச் சிதைக்கவிடாமல் ஃப்ளூவாக்ஸெடின் தடுப்பதால் அது உடம்பிலேயே தேங்குகிறது. மாத்திரையை நிறுத்திச் சில வாரம் ஆகியிருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. சிரப்பை நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றி, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அம்மா தப்பித்தாள்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருங்கள். 2021-ல் இதே டெல்லியில், இந்த மருந்து கொடுக்கப்பட்டு கலாவதி சரண் மருத்துவமனைக்கு வந்த 16 குழந்தைகளில் 3 பேர் இறந்தார்கள். 4 வயதுக்குக் கீழ் இதை எழுதக் கூடாது என்று அப்புறம்தான் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம் கடிதம் அனுப்பியது.

ஒரே பெயரில் வரும் சிரப்புகளில் வால் எழுத்து மாறினால் மருந்தே மாறிவிடலாம். கடைக்காரர் 'அதேதான்' என்றால் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். எங்கள் விஷயத்தில் சொல்லவே தேவையிருக்கவில்லை, மாத்திரையை விற்றவரே அவர்தான்.

திரும்பப் போய்க் கேட்டேன். எல்லாரும்தான் வாங்கிப் போகிறார்கள் என்றார். முக்கால் பாட்டில் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் கடையில்தான் வாங்கினேன் என்று காட்டத்தான் பில் இல்லை.