அம்மாவின் 800 ரூபாயும் ஏ9 வீதியோரக் கடையும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக, போட்டோக் கொப்பி, கைபேசி ரீலோட், அடையாள அட்டைப் படம் என்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் செய்து தரும் கொமினிக்கேசன் கடைகள் பல உண்டு. அவற்றில் ஒன்று, வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது சனங்கள் சொல்லும் ‘ரின் நம்பர்’ எடுத்துக் கொடுப்பதையும், வங்கிக்கான சுய பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுப்பதையும் இப்போது தன் முக்கிய தொழிலாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்காக அங்கே இரண்டு தடவை போய்வந்தேன். குறையும் சொல்லவிருப்பதாலும், அந்தக் குறை இந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று என்பதாலும், பெயரை எழுதாமல் விடுகிறேன்.

அம்மாவின் தேவை சிறியது. காணி விற்ற காசு 12 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பில் கிடக்கிறது. ஆண்டுக்கு 8 வீதப்படி மாதம் 8,000 ரூபாய் வட்டி வரும். 2025 மார்ச் வரை அதில் 5 வீதமாகிய 400 ரூபாயை நிறுத்திவைத்தல் வரியாக வங்கி கழித்து வந்தது. ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து வரி 10 வீதமாகி, 800 ரூபாய் கழியத் தொடங்கியது. கண் காட்ட யாழ்ப்பாணம் போய்வரும் பஸ் காசும் வழியில் குடிக்கும் தேத்தண்ணியும் அதற்குள் அடங்கிவிடும் என்பதால், அம்மா வங்கிப் புத்தகத்தை என் முன்னால் விரித்துவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

இந்த 800 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் கடையைப் பற்றிச் சொல்ல முடியாது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை, அதாவது வற் வரியை, 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கி, சம்பளத்தில் மாதாமாதம் கழித்த வரியையும் கைவிட்ட அரசின் வருமானம், 2022 ஆகும்போது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்தைச் சற்றே தாண்டிய அளவுக்குச் சுருங்கியிருந்தது. அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரைப்படி பொது நிதி முழுவதும் நாடாளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், அந்தப் பள்ளத்தை நிரப்பும் வேலையும் அங்கேதான் போய் நின்றது. வற் வரி 2022 இல் 12 ஆகவும் பிறகு 15 ஆகவும் ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதத்தைத் தொட்டது. 2022 ஒக்டோபரில் 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு ஒப்புதல் அளித்தபோது, வருமானத்தைக் கூட்டுவது அதன் முதன்மையான நிபந்தனைகளில் ஒன்றாயிற்று. வட்டி மீதான வரியை இரட்டித்தது 2025 இன் 2 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரித் திருத்தச் சட்டம். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் சுய பிரகடனம் ஒன்றை வங்கிக்குக் கொடுத்தால் கழிக்காமல் விடலாம் என்ற வழியையும் அதே சட்டமே வைத்திருக்கிறது. விசுவமடுவில் கூலிக்கு வெங்காயம் நடுகிறவர் சவர்க்காரத்துக்குக் கட்டும் 18 வீதத்துக்கு இப்படியொரு படிவம் கிடையாது என்பது வேறு கதை.

ஆக, விலக்கு உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், கேட்பதற்கு ரின் இலக்கம் வேண்டும். இங்கேதான் அந்தக் கடை தன் காசுக்கு வேலை செய்கிறது. மேசையில் இருந்த தம்பி, அம்மா தயங்குவதைப் பார்த்துவிட்டு, கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி, “அம்மா, நம்பர் எடுத்தா வரி கட்டோணும் எண்டில்லை. வருமானம் கூடினாத்தான் வரி. இது உங்கட காசை வெட்டாமல் வைக்கிறதுக்கு” என்றார். இதையே இரண்டு மாதமாக நான் சொல்லி அம்மா நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் அரசாங்கப் பதிவு என்றாலே ஒரு கலக்கம் இருப்பது புதிதில்லை. அதைத் தெரிந்து, பரிகசிக்காமல் பதில் சொன்னதுக்காகவே அந்தத் தம்பியைப் பாராட்ட வேண்டும்.

அடுத்த சிக்கல் முகவரி. அம்மாவின் அடையாள அட்டையில் புதுக்குடியிருப்பு. இப்போது இருப்பது பரந்தனில். இடம்பெயர்ந்து திரும்பிய பாதிப் பேருக்கு இதே கதை என்பதால், தம்பி கேள்வியே கேட்காமல், கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கிவரச் சொன்னார். முதல் தடவை அதோடு திரும்பினோம். இரண்டாந் தடவை, அட்டையின் இரு பக்கத்தையும் ஸ்கான் செய்து, முதலெழுத்துகளை விரித்து, பெயரின் ஆங்கில எழுத்துகளை அட்டையோடு இரண்டு முறை ஒப்பிட்டு, அரை மணித்தியாலத்தில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார்.

இனிக் குறைகள். மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில், அம்மாவிடம் ஒன்று இல்லை என்றதும், கடையின் சொந்த முகவரியையே அடிக்கத் தொடங்கினார். வந்தவர்கள் பலருக்கும் அப்படித்தான் செய்வதாகச் சாதாரணமாகச் சொன்னார். உதவி செய்யும் எண்ணந்தான், சந்தேகமில்லை. ஆனால் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அனுப்பும் இலக்கமும் பின்னால் வரக்கூடிய அறிவித்தல்களும் ஒரு கடையின் பெட்டியில் போய் விழுந்தால், அந்தத் தம்பி நாளை வெளிநாடு போன பிறகு அவற்றை யார் திறப்பது? தடுத்து, என் முகவரியைக் கொடுத்தேன்.

கட்டணம் 500 ரூபாய். திணைக்களம் இந்தப் பதிவுக்குக் காசு வாங்குவதில்லை என்பதைக் கடையில் எங்கும் எழுதி வைக்கவில்லை; வாங்குவது தங்கள் கூலி என்று ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டால் ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை. நான் பற்றுச்சீட்டுக் கேட்டதும் ஒரு தாளைக் கிழித்து 500 என்று எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால், மறுபக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் அடையாள அட்டைக் கொப்பி. அதை அடுப்பில் போட்டேன். அம்மாவின் கொப்பியில் யாருக்குப் பற்றுச்சீட்டு எழுதப்பட்டதோ தெரியாது.

இவ்வளவு இருந்தும், பெற்றோருக்கு இந்த அலுவல் இருப்பவர்களை அங்கேதான் அனுப்புவேன். போகும்போது வீட்டில் ஒருவரின் மின்னஞ்சலைக் கொண்டுபோங்கள். பழுதான கொப்பிகளைக் கேட்டு வாங்கிவாருங்கள். பிரகடனத்தில் போடும் ஆண்டு வருமானத்தை நீங்களே கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள், ஏனெனில் கையொப்பம் உங்களுடையது. வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் அந்த மாதத்தில் வாசலில் வரிசை நிற்கும். பிரதேச செயலகத்தின் பொதுமக்கள் நாட்களையும் தவிர்த்து, மற்ற நாளொன்றில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு போனால் கதிரை கிடைக்கும்.