சிபிடி கற்க எந்த வழி? பட்டறை, ஆன்லைன் படிப்பு, சூப்பர்விஷனோடு ஓராண்டுப் பயிற்சி: ஓர் ஒப்பீடு

எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு பெங்களூரில் கவுன்சலராக வேலைக்குச் சேர்கிறவர்கள் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றி மனத்துயரைக் குறைக்கும் பேச்சுச் சிகிச்சையான சிபிடியை முறையாக எங்கே கற்பது? பாடத்தில் படித்தது தேர்வுக்குப் போதும். மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் எதிரே வந்து உட்காருகிறவருக்கு அது போதாது. எல்லா வழிகளையும் பார்த்துவிட்டு நான் சேர்ந்தது, ஒரு சிறு குழுவுக்கு நடக்கும் ஓராண்டுப் பயிற்சியில். வாரம் ஒரு நாள் சூப்பர்விஷன் உண்டு, அதாவது அனுபவமுள்ள ஒருவர் நம் வேலையைப் பார்த்துத் திருத்துவது. என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எம்.ஃபில். பற்றி. ஓசூர் ரோட்டில் இருக்கும் தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் மருத்துவ உளவியல் படிக்க வாய்ப்புக் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம், சேர்ந்துவிடுங்கள். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு வேண்டும். எந்தச் சிபிடி சான்றிதழும் அதற்கு ஈடாகாது. யுஜிசி எம்.ஃபிலை நிறுத்தியபோது மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்புக் கொடுத்தது. எனவே இப்போது சேர நினைப்பவர்கள் எந்தப் பெயரில் பட்டம் கிடைக்கும் என்பதை ஆர்சிஐ தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த வகுப்பறையில் நான் உட்கார்ந்ததில்லை, படித்த தோழிகள் சொல்லித்தான் தெரியும். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. கிடைக்காதவர்களுக்கும், வேலையை விட முடியாதவர்களுக்கும்தான் இந்த ஒப்பீடு.

வார இறுதிப் பட்டறை மலிவு. இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் நடக்காத மாதமில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளில் எண்ணம், உணர்வு, நடத்தை மூன்றும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று படம் போட்டுக் காட்டுவார்கள், மனதில் ஓடும் எண்ணங்களை எழுதிப் பார்க்கும் சிந்தனைப் பதிவுத் தாள் கொடுப்பார்கள், ஒரு ரோல் பிளேயும் நடக்கும். அறிமுகத்துக்கு நல்லது. திங்கட்கிழமை காலை கிளையன்ட் முன்னால் அது எவ்வளவு நிற்கிறது என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டு நிறுவனங்களின் ஆன்லைன் படிப்புகளில் பாடத்தின் தரம் உயர்வு. சிபிடியை உருவாக்கிய ஆரன் பெக்கும் அவர் மகள் ஜூடித் பெக்கும் 1994இல் தொடங்கிய பெக் இன்ஸ்டிடியூட் முதல் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் வரை வாய்ப்புகள் நிறைய. செஷன் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். வேலை முடித்து டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு வந்த பிறகும் படிக்கலாம். ஆனால் பெரும்பாலான படிப்புகளில் நீங்கள் பார்க்கிறீர்கள், கேட்கிறீர்கள்; உங்களை யாரும் பார்ப்பதில்லை. சூப்பர்விஷனோடு சேர்ந்த உயர்நிலைச் சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் டாலரிலும் பவுண்டிலும் ஏறும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான். உங்கள் செஷனின் ஒலிப்பதிவை அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து கேட்கிறாரா, இல்லையா?

எங்கள் பயிற்சியில் கேட்டார்கள். ஒரு வாரம் என்னோடு பயிற்சி பெற்ற ஒருவரின் பதிவு ஓடியது. கிளையன்ட் சம்மதத்தோடு எடுத்ததுதான். இங்கே அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். கிளையன்ட் ஆட்டோ ஓட்டுகிறவர், ஒசகோட்டை அருகே வீடு. சில்க் போர்டு மேம்பாலத்தில் ஏறினாலே நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், 'இதோ ஹார்ட் அட்டாக்' என்று வண்டியை ஓரங்கட்டிவிடுவார். இதயத்தில் கோளாறு இல்லை என்று மருத்துவர் பரிசோதித்துச் சொல்லிவிட்டார். பதிவில் பயிற்சி பெறும் நம் ஆள் கனிவாகச் சொல்கிறார்: "அண்ணா, டாக்டரே இசிஜி நார்மல்னு சொல்லிட்டாரே, பயப்படாதீங்க." அங்கே எங்கள் சூப்பர்வைசர் மேடம் பதிவை நிறுத்தினார். "இந்தப் பதில் அவருக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டார். அடுத்த மேம்பாலம் வரை என்பது எங்கள் எல்லோருக்குமே தெரிந்தது.

அப்புறம்தான் பாடம் தொடங்கியது. உடம்பில் எழும் சாதாரண மாற்றத்தைப் பேராபத்தாகப் புரிந்துகொள்வதே பீதியை வளர்க்கிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் எழுதினார். இது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தத் தகவலைக் கிளையன்டின் காதில் போட்டால் வேலை நடக்காது, அவரே கண்டுபிடிக்க வேண்டும். மேடம் ஆட்டோக்காரராக நடித்தார், பயிற்சி பெறுகிறவர் கேள்வி கேட்டுப் பழகினார். "அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சு?" "ஓரங்கட்டாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கிறீங்க?" அடுத்த பதிவில் இருவரும் சேர்ந்து ஒரு நிமிடம் வேக வேகமாக மூச்சு விடுகிறார்கள். அதே படபடப்பு, அதே மரத்துப்போதல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே வருகிறது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவரே சொல்கிறார்: "அப்போ மூச்சுதான் இப்படிப் பண்ணுதா?" எந்த வீடியோவிலும் எனக்கு இது இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை.

கேட்பதோடு விடுவதில்லை, மதிப்பெண்ணும் உண்டு. சிகிச்சை தருபவரின் சிபிடி திறமையை அளக்கும் சிடிஎஸ்-ஆர் என்ற அளவுகோலில் 12 அம்சங்கள்: அன்றைய நிகழ்ச்சி நிரலைச் சேர்ந்து வகுப்பது, நேரத்தைப் பயன்படுத்துவது, கேள்விகள் வழியே கண்டடைய உதவுவது, ஹோம்வொர்க் கொடுப்பது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 72. பொதுவாக 36 வாங்கினால் தேர்ச்சி. பரிவு எல்லோருக்கும் ஓரளவு வந்துவிடுகிறது. நிரல் வகுப்பதிலும் ஹோம்வொர்க்கைத் திரும்பக் கேட்பதிலும்தான் புதியவர்களுக்கு மதிப்பெண் சரியும். யாராவது உட்கார்ந்து கேட்டுச் சொல்லாவிட்டால் இது நமக்கே தெரியாது.

இது என் குழுவின் அனுபவம் மட்டுமல்ல. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், போதைப் பழக்கச் சிகிச்சையில் வேலை செய்த 78 பேருக்கு மூன்று விதமாகச் சிபிடி கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குக் கையேடு மட்டும். இன்னொன்றுக்குக் கையேடும் இணையதளமும். மூன்றாவதற்குக் கையேட்டோடு கருத்தரங்கும் சூப்பர்விஷனும். செய்து காட்டச் சொன்னபோது மூன்றாவது பிரிவு முந்தியது, கையேட்டுப் பிரிவு பின்தங்கியது, இணையம் நடுவில் நின்றது. பேச்சுச் சிகிச்சையைப் பரவலாக்க இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய ஐஏபிடி திட்டமும் இதே வழியில்தான் ஆட்களைத் தயார் செய்தது. வாரத்தில் சில நாள் வகுப்பு, மீதி நாள் கிளினிக், நடுவில் தொடர்ந்து சூப்பர்விஷன்.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர் பக்கம் வருகிற கிளையன்ட்கள் பலர் தமிழில்தான் மனம்விட்டுப் பேசுவார்கள், இடையிடையே கன்னடம் கலக்கும். வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்கு இந்தப் பதிவை அனுப்ப வேண்டுமானால் வரிக்கு வரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் குரல் தழுதழுத்த இடமும், 'சரிங்க, சரிங்க' என்று பணிந்துபோகிற இடமும் விழாது. இங்கே இருக்கும் சூப்பர்வைசர் அந்தச் 'சரிங்க'வில் நிறுத்தி, 'இவர் ஒத்துக்கிட்டாரா, மரியாதைக்குச் சொன்னாரா?' என்று கேட்பார். எழுதப் பழக்கமில்லாத அம்மா ஒருவருக்குச் சிந்தனைப் பதிவுத் தாளுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பச் சொல்லலாம் என்ற யோசனையும் அப்படி ஒரு குழுவில்தான் பிறந்தது.

ஓராண்டு வழியில் சிரமமும் உண்டு. மொத்தச் செலவு பட்டறையைவிடப் பல மடங்கு. வேலை பார்க்கும் இடம் பதிவுக்கு அனுமதிக்க வேண்டும். வாராவாரம் பதிவு கொண்டுவர கையில் கிளையன்ட்கள் இருக்க வேண்டும், அதனால் இப்போதுதான் படித்து முடித்தவர்களுக்கு இது ஒத்துவராது. மேலும், மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் என் பயிற்சி கை கொடுத்தது என்று உறுதியாகச் சொல்வேன். ஓசிடி (விடாமல் துரத்தும் எண்ணங்களும் செயல்களும்), பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பாதிப்பு) பற்றி அதே உறுதியோடு சொல்லும் அளவுக்கு நான் பார்க்கவில்லை. அந்த வேலைக்குத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கெனத் தனிப் பயிற்சி தேடுங்கள்.

பணம்தான் தடை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. கோவாவில் சங்காத் அமைப்பு, மனநலப் படிப்பு இல்லாத சாதாரண ஆட்களைக் கவுன்சலர்களாகப் பயிற்றுவித்து, கடும் மனச்சோர்வுக்கு 6 முதல் 8 செஷன் கொண்ட ஒரு சிகிச்சையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுத்தது. பலன் இருந்தது என்ற முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்தக் கவுன்சலர்கள் குழுவாக உட்கார்ந்து ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். ஆன்லைன் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு, நம்பிக்கையான நான்கு பேர் சேர்ந்து இதைச் செய்யலாம். மாதம் ஒரு முறையாவது ஒரு சீனியருக்குக் கட்டணம் கொடுத்துக் கூட உட்காரச் சொல்லுங்கள்.

எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள். என் பதிவில் எத்தனையை முழுதாகக் கேட்பீர்கள்? எந்த அளவுகோலில் மதிப்பெண் போடுவீர்கள்? கேட்பவர் இப்போதும் கிளையன்ட்களைப் பார்க்கிறாரா, அவருக்குத் தமிழோ கன்னடமோ புரியுமா? சான்றிதழ் பற்றி மட்டும் பேசி இவற்றுக்கு மழுப்பினால், அந்தப் பணத்தை ஒரு நல்ல சீனியரின் சூப்பர்விஷனுக்குக் கொடுங்கள்.