நாய் மலத்தை அள்ளவைப்பது எது? அபராதமா, மரபணுவா, வெட்கமா, பரிசா?

சக்கர நாற்காலியைக் கையால் உருட்டிச் செல்கிறவருக்கு, நடைபாதையில் கிடப்பதெல்லாம் கடைசியில் கைக்கு வந்து சேர்ந்துவிடும். சக்கரம் நாய் மலத்தின் மீது ஏறுகிறது. அரைச் சுற்று சுற்றியதும் அதே இடம் அவருடைய விரல்களுக்கு அருகில் வந்து நிற்கிறது. உருட்டப் பிடிக்கும் வளையத்தை ஒட்டியே டயர் இருப்பதால் விரல்கள் தப்புவது கடினம். செருப்பால் மிதித்தவர் புல்லில் தேய்த்துவிட்டு நடையைக் கட்டலாம். இவர் அந்தக் கையோடுதான் வீடுவரை உருட்டியாக வேண்டும். பூங்காவில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவரின் பாடு இதைவிட மோசம். புல்லுக்குள் மறைந்து கிடப்பதை இயந்திரம் சிதறடித்து அவர் முகத்திலேயே அடிக்கிறது.

நானும் நாய் வளர்க்கிறவன்தான். நாளுக்கு இரண்டு முறை நாயோடு தெருவில் இறங்குகிறவன். நாயின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்குக் குனிந்து அள்ளத் தெரியாது. அள்ள வேண்டியவர் கயிற்றின் மறுமுனையில் நிற்கிறார். அவரை அள்ளவைக்கப் பல நாட்டு நகரங்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக என்னென்னவோ செய்து பார்த்திருக்கின்றன. அந்த வழிகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் எண்ணம்.

நிறுத்துப் பார்க்க ஓர் எடைக்கல் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது நேரம். காரணம், ஒரு புழு. நாயின் குடலில் வாழும் டாக்சோகாரா என்ற உருண்டைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும்போது யாருக்கும் தொற்றுவதில்லை. மண்ணில் கிடந்து முதிர்வதற்கு அவற்றுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். முதிர்ந்துவிட்டால், மலம் கரைந்து அடையாளமே இல்லாமல் போன பிறகும், அவை ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். அந்த மண்ணில் விளையாடிய குழந்தை விரலை வாயில் வைத்தால் போதும், முட்டை உள்ளே போய்விடும். அதிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சு உடலுக்குள் அலையும். அரிதாகக் கண்ணுக்குள் புகுந்து பார்வையையும் பறித்துவிடும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸும் மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கக்கூடியது. ஆகவே, கிடப்பதை என்றைக்கோ ஒரு நாள் அகற்றுவதும் அப்போதே அள்ளுவதும் ஒன்றல்ல. நாய் எழுந்து நகரும் அந்த ஒரு நிமிடத்தில் எந்த வழி போய் நிற்கிறது என்பதே என் கேள்வி.

'மழையில் கரைந்து உரமாகிவிடும்' என்று சொல்கிறவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உரமாவது உண்மைதான்; அந்த உரம்தான் சிக்கலே. பெல்ஜியத்தின் கென்ட் நகரை ஒட்டிய இயற்கைக் காப்பிடங்களில் நடத்திய ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. நாய்களின் மலமும் சிறுநீரும் சேர்ந்து ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 11 கிலோ நைட்ரஜனையும் 5 கிலோ பாஸ்பரஸையும் அங்கே கொட்டுவதாக அது கணக்கிட்டது. மலத்தை மட்டும் அள்ளினாலே பாஸ்பரஸில் பெரும்பகுதி நீங்கிவிடும். தெருவிலோ மழைநீர் இதையெல்லாம் வடிகால் வழியே ஆற்றுக்கும் ஏரிக்கும் இழுத்துச் செல்கிறது.

பாரிஸின் இயந்திரமும் நியூயார்க்கின் சட்டமும்

இரண்டு பெருநகரங்கள், ஏறத்தாழ ஒரே காலம், நேரெதிரான இரண்டு முடிவுகள். பாரிஸ் நகரம் 1980களின் தொடக்கத்தில், உறிஞ்சுகுழாய் பொருத்திய மோட்டார் சைக்கிள்களைத் தெருவில் இறக்கியது. பச்சைச் சீருடை அணிந்த பணியாளர் நடைபாதையில் வண்டியை ஓட்டிவந்து, கிடப்பதை உறிஞ்சிக்கொண்டு போவார். பார்க்க அழகான ஏற்பாடு. நாய் வளர்ப்பவருக்கு அதைவிடச் சுகமான ஏற்பாடு, ஏனென்றால் அவர் குனியவே வேண்டியதில்லை. ஆனால் அந்த வண்டிகள் அகற்றியது மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். செலவோ கட்டுப்படியாகவில்லை. 2002இல் பாரிஸ் அள்ளாதவர்களுக்கு அபராதம் விதிக்கும் வழிக்கு மாறியது. 2004இல் வண்டிகளை நிறுத்தியது.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதைத்தான். இயந்திரம் வந்து சேரும்வரை மலம் கிடக்கிறது. அதற்குள் நான்கு பேர் மிதித்துவிடுகிறார்கள். இன்னொன்றும் நடக்கிறது. நகராட்சி வண்டி வரும் என்று தெரிந்தவுடன், அள்ளிக்கொண்டிருந்த நல்ல மனிதருக்கும் 'நான் ஏன் குனிய வேண்டும்' என்று தோன்றிவிடுகிறது.

நியூயார்க் வேறு வழியில் போனது. நாய் வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்ற மாநிலச் சட்டம் 1978 ஆகஸ்ட் 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அன்றைய மேயர் எட் கோச் அதன் பின்னால் உறுதியாக நின்றார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இப்படிக் கட்டாயப்படுத்தினால் மக்கள் நாய்களைத் தெருவில் விட்டுவிடுவார்கள் என்று, விலங்குகள் மீது உண்மையான அக்கறை உள்ளவர்களே அஞ்சினார்கள். பார்வையற்றவர்களின் வழிகாட்டி நாய்களுக்குச் சட்டம் விலக்கு அளித்தது. மீறினால் அப்போது 100 டாலர் வரை அபராதம்.

நியூயார்க் வென்றது அபராதச் சீட்டால் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நாயின் பின்னாலும் ஓர் அதிகாரி நடக்க முடியாது. நாய் உட்காரும் நேரத்தில் அதிகாரி எதிரே நின்றால்தான் கையும் களவுமாகப் பிடிக்க முடியும். அவர் எதிரே நின்றால் யாரும் அள்ளாமல் போகமாட்டார்கள். சட்டம் செய்த வேலை வேறு. வழியில் போகிற யாரோ ஒருவருக்கு 'ஐயா, அள்ளிவிட்டுப் போங்கள்' என்று கேட்கும் உரிமையை அது கொடுத்தது. முன்பு அப்படிக் கேட்டிருந்தால் வம்பு. இப்போது அது நியாயம். கேட்க ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு மெல்ல மெல்லப் பழக்கமானது. அந்த ஒரு நிமிடத்தில் அதிகாரி இல்லை, ஆனால் அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள். இந்தச் சுற்றில் நியூயார்க்குக்கே என் ஓட்டு. போட்டி சமமாகக்கூட இல்லை.

மரபணுப் பதிவும் திரும்பி வந்த பெட்டியும்

மலத்தோடு குடற்சுவரின் செல்கள் கொஞ்சம் உதிர்ந்து வரும். அவற்றிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து எந்த நாயினுடையது என்று கண்டுபிடித்துவிடலாம். இஸ்ரேலின் பெட்டா டிக்வா நகரம் 2008இல் இதைச் சோதனை செய்தது. லண்டனின் பார்க்கிங் அண்ட் டாகனம் பகுதி 2016இல் முயன்றது. பிரான்சின் பெசியே நகரம் 2023இல், மையப்பகுதியில் நடமாடும் நாய்களுக்கு மரபணு அடையாளச் சீட்டைக் கட்டாயமாக்கியது. இத்தாலியின் போல்சானோ மாகாணமும் எல்லா நாய்களையும் பதிவு செய்ய இறங்கியது.

காகிதத்தில் இது அசைக்க முடியாத திட்டம். அதிகாரி நேரில் பார்க்க வேண்டியதில்லை. மலமே சாட்சி சொல்லும். நடைமுறையில் ஓட்டைகள் பெரியவை. பதிவு செய்த நாயை மட்டுமே பிடிக்க முடியும். பொறுப்பானவர் முதல் நாளே வரிசையில் நின்று எச்சில் மாதிரி கொடுத்துவிடுவார். அள்ளாமல் போகிறவர் அந்தப் பக்கமே வரமாட்டார். வெளியூரிலிருந்து வந்த நாய் பட்டியலில் இருக்காது. வெயிலிலும் மழையிலும் கிடந்த மாதிரி கெட்டுவிடும். ஒவ்வொரு மாதிரியையும் யாரோ ஒருவர் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பத்து மாதிரிகளில் இரண்டுக்கே ஆள் சிக்கினால், மீதி எட்டின் செலவு யார் தலையில் விழும்?

ஆனால் ஓர் இடத்தில் இது எல்லாவற்றையும் மிஞ்சிவிடும்: வாசற்கதவு உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. உள்ளே இருக்கும் நாய்கள் எத்தனை என்று எண்ணிவிடலாம். வெளிநாய் வர வழியில்லை. பதிவு செய்யாமல் குடியேற முடியாது என்று சங்கமே விதி வைத்துவிடலாம். அமெரிக்காவில் பல குடியிருப்புகள் இப்படித்தான் செய்கின்றன. நகரத்தில் ஓட்டையான அதே வலை அங்கே இறுகிவிடுகிறது.

இதன் எதிரே ஸ்பெயினின் புருனெட்டே ஊரை வைக்க வேண்டும். மாட்ரிட் அருகே உள்ள, பத்தாயிரம் பேர் அளவில் வாழும் சிற்றூர் அது. 2013இல் அங்கே தன்னார்வலர்கள் தெருவில் நின்றார்கள். அள்ளாமல் நகரும் ஒருவரைப் பார்த்தால் நெருங்கி, நாயைத் தடவிக்கொடுத்து, 'அழகாக இருக்கிறதே, பெயர் என்ன?' என்று பேச்சுக் கொடுப்பார்கள். நாயின் பெயரும் இனமும் தெரிந்தால் போதும், ஊராட்சிப் பதிவேட்டில் முகவரி கிடைத்துவிடும். விட்டுப்போனதை அள்ளி, முத்திரையிட்ட பெட்டியில் வைத்து, 'தொலைந்த பொருள்' என்று எழுதி வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இப்படி 147 பெட்டிகள் போயின. தெருவில் கிடப்பது 70 சதவீதம் குறைந்ததாக ஊராட்சி அறிவித்தது.

எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் என் நாயைத் தடவிக்கொடுக்க வருகிறவர் வேவு பார்க்கிறாரோ என்று நான் சந்தேகப்படும் தெரு நல்ல தெரு அல்ல. நியூயார்க்கில் அக்கம்பக்கத்தார் முகத்துக்கு நேரே கேட்டார்கள். இங்கே சிரித்துப் பேசிவிட்டுப் பின்னால் பெட்டி அனுப்பினார்கள். இரண்டும் வெட்கத்தைத்தான் தொடுகின்றன. முதலாவது அந்த நிமிடத்திலேயே அள்ளவும் வைக்கிறது.

பரிசும் ஒளிரும் கண்களும்

தைவானின் நியூ தைபே நகரம் 2011இல், அள்ளிய பையைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குக் குலுக்கல் சீட்டு தந்தது. முதல் பரிசு தங்கக் கட்டி. ஆயிரக்கணக்கானோர் பைகளோடு வந்தார்கள், தெருக்களும் தூய்மையாயின. குலுக்கல் முடிந்த மறுநாள் என்ன ஆகும் என்பதே கவலை.

பிரிட்டனில் 2014இல் வேறொன்று நடந்தது. இருட்டில் ஒளிரும் ஒரு ஜோடிக் கண்கள், 'உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்ற வாசகம், அவ்வளவுதான் சுவரொட்டி. ஒட்டிய இடங்களில் நாய் மலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக, அதை முன்னெடுத்த தூய்மை இயக்கம் தெரிவித்தது. பகலில் ஒழுங்காக அள்ளுகிற சிலர் இருட்டினால் அள்ளுவதில்லை. அந்தக் கண்கள் சரியாக அந்த இடத்தில், அந்த நேரத்தில் விழித்திருந்தன. தங்கத்தைவிடக் காகிதம் மேல்.

பையும் தொட்டியும்

அள்ளாதவர்கள் எல்லாரும் அலட்சியக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாள் என் நாய் உட்கார்ந்த பிறகு சட்டைப்பையைத் துழாவினேன், பை இல்லை. வயிற்றுக் கோளாறால் அன்று அது இரண்டாவது முறை. கொண்டுபோன ஒரே பை முன்பே தீர்ந்திருந்தது. காய்ந்த இலையாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தபோது எதிரே வந்த ஒரு வயதான அம்மா, தன் நாயின் கயிற்றில் முடிந்திருந்த பையை அவிழ்த்து நீட்டினார். "இந்தாருங்கள் தம்பி, என்னிடம் இன்னொன்று இருக்கிறது." எந்த அபராதமும் மரபணுவும் அன்று எனக்கு உதவியிருக்காது. அந்த நிமிடத்துக்கு வேண்டியிருந்தது ஒரு பை.

பை கிடைத்த பிறகு தொட்டி வேண்டும். தொட்டி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாதைகளில்தான் கட்டிய பைகள் மரக்கிளையில் தொங்குகின்றன. அது அள்ளாமல் விடுவதைவிடக் கேடு: வெளியே கிடந்தால் வாரங்களில் கரைவதை, பிளாஸ்டிக் மாதக்கணக்கில் பொத்திக் காக்கிறது. 'மட்கும்' என்று அச்சிட்ட பைகளிலும் பல தொழில்முறை உர ஆலையின் சூட்டில்தான் மட்கும். புதரில் எறிந்தால் அதுவும் வெறும் பைதான். வீட்டு உரக்குழியிலும் போட வேண்டாம். புழு முட்டைகள் சாகும் அளவுக்கு அங்கே சூடு ஏறாது.

எங்கள் தெருவுக்கு ஒன்றே ஒன்றைக் கேட்கலாம் என்றால், நாய்கள் வழக்கமாக உட்காரும் திருப்பத்தில் பைகள் வைத்த ஒரு மூடிபோட்ட தொட்டியைக் கேட்பேன். தினமும் காலியாக்கப்படும் தொட்டியாக. இரண்டாவதாக ஒன்று கிடைத்தால், அதன் மேல் ஒட்ட அந்த ஒளிரும் கண்கள். மூன்றாவதாகத்தான் அபராதம், அதுவும் கேட்கிறவருக்குத் துணையாகச் சட்டம் நிற்க வேண்டும் என்பதற்காக. மரபணுவை வாசற்கதவு உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.