லீக்ஸ் வெங்காயம் ஆகுமா? எட்டு வருட அடுப்படிக் கணக்கு

மனைவிக்குக் கொழும்பில் வேலை கிடைத்த 2017ஆம் ஆண்டிலிருந்து கிழமை நாட்களில் எங்கள் வீட்டுச் சமையல் என் பொறுப்பு. சாப்பிடுகிறவர்கள் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும். அம்மா முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். குறை கண்டுபிடிப்பதில் கணக்கப்பிள்ளையையே மிஞ்சுவார். ஆகவே கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் அவரிடம் திட்டு வாங்கித் தேறியது.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் எங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வரும் பம்பாய் வெங்காயம் என்கிற பெரிய வெங்காயம், யாழ்ப்பாணத்திலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ வரும் சின்ன வெங்காயம், பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும் பூண்டு, இவற்றோடு நம் மலையிலேயே விளையும் லீக்ஸ். இதில் வேடிக்கை என்னவென்றால், கந்தப்பளையிலும் நுவரெலியாவிலும் மூட்டை மூட்டையாக லொறியில் ஏறுகிற லீக்ஸை நாம் ஒரு மரக்கறியாகத்தான் பார்க்கிறோம். அது வெங்காயக் குடும்பத்துப் பிள்ளை என்பது எனக்கே 2023 டிசம்பரில்தான் உறைத்தது.

அந்த மாதம் 8ஆம் திகதி இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2019 செப்டெம்பரிலும் 2020 செப்டெம்பரிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஆனால் இந்தத் தடை 2024 மே வரை நீண்டது. நம் நாட்டுத் தம்புள்ளைப் பக்கத்துப் பெரிய வெங்காய விளைச்சல் வருடத்தில் சில மாதங்களுக்குத்தான் கைகொடுக்கும். கடைக்காரர் பம்பாய் வெங்காயத்தை நகை நிறுப்பதுபோல் நிறுக்கத் தொடங்கியதும், கோழிக் குழம்புக்கு லீக்ஸைப் போட்டேன். வெங்காயத்தை வதக்குவதுபோலவே எண்ணெயைக் காயவைத்து, தீயைக் கூட்டி, பொன்னிறத்துக்காகக் காத்திருந்தேன். பொன்னிறம் வரவில்லை, கறுப்புத்தான் வந்தது. "என்னய்யா, தேயிலைத் தூளையா வதக்கினாய்?" என்றார் அம்மா. குழம்பு முழுவதும் கசப்பு.

பிறகு நாலைந்து தடவை தோற்றுத்தான் புரிந்தது. லீக்ஸ் இதழ் மெல்லியது. ஓரம் கருகும்போது நடுப்பகுதி இன்னும் வேகாமலே இருக்கும். அதைச் சிவக்க விடக் கூடாது. வெள்ளைத் தண்டை மட்டும் பொடியாக அரிந்து, சிறு தீயில், ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மூடிவிட வேண்டும். தன் தண்ணீரிலேயே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெண்ணெய்போல் குழைந்துவிடும். இனிப்பும் குழம்புக்கான கெட்டியும் இப்படிக் கிடைத்துவிடும். வதங்கிய வெங்காயத்தின் சிவந்த வாசம் மட்டும் வராது. அந்தக் குறையை மறைக்க நான் பெருஞ்சீரகத்தையும் கறிவேப்பிலையையும் கொஞ்சம் கூட்டிப் போடுகிறேன். பருப்பு, கிழங்குப் பால்கறி, முட்டைக் குழம்பு ஆகியவற்றில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. கோழியிலும் ஆட்டிலும் அம்மா கண்டுபிடித்துவிடுகிறார்.

பச்சை இலைப்பகுதியை வீசாதீர்கள். நூல்போல் அரிந்து, மாசிக் கருவாடும் மிளகாயும் போட்டுப் பிரட்டினால் சோற்றுக்கு அருமையாக இருக்கும். ஆனால் அரிந்த பிறகு ஒரு தடவையாவது தண்ணீரில் அலசுங்கள். மலை மண் இதழுக்கு இதழ் ஒளிந்திருக்கும். முழுத் தண்டாகக் கழுவி ஏமாந்த நாளில் சின்ன மகள் "அப்பா, சோற்றில் கல்" என்று மூன்று முறை சொன்னாள்.

லீக்ஸ் கைவிடுகிற இடம் சம்பல். ரொட்டிக்குக் கட்டைச் சம்பல் இடிக்கும்போது அதைப் போட்டுப் பார்த்தேன். புல்லை இடித்த மாதிரி இருந்தது. பம்பாய் வெங்காயம் போட்டால் தண்ணீர் விட்டு மிளகாய் கரைந்து ஓடும். சின்ன வெங்காயத்தில் தண்ணீர் குறைவு, காரம் அதிகம். ஆகவே உப்பு, காய்ந்த மிளகாய், மாசி, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் அதுதான் பிடித்து நிறுத்துகிறது. வேறு வழியே இல்லாத நாட்களில் பம்பாய் வெங்காயத்தை அரிந்து, உப்புப் போட்டுப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, இறுகப் பிழிந்துவிட்டு இடிக்கிறேன். சாப்பிடலாம். அம்மா அதைச் சம்பல் என்று சொல்ல மாட்டார், "அது" என்பார்.

சமைக்கிற பண்டத்தில் சின்னதையும் பெரியதையும் மாற்றிக்கொள்வது சுலபம். எண்ணிக்கை பார்க்காமல் நிறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நடுத்தரப் பம்பாய் வெங்காயம் ஒன்றுக்குச் சின்னது எட்டோ பத்தோ சரியாக வரும். சாம்பாரில் முழுதாக மிதக்க வேண்டிய இடத்தில் பெரியதை நீளவாக்கில், அடிக்காம்பு விடாமல் நறுக்கினால் இதழ் பிரியாமல் நிற்கும். குறுக்கே நறுக்கினால் கரைந்துவிடும். கரைய வேண்டிய குழம்புக்கு அதுவே வசதி. ஒரே வெங்காயம், கத்தியின் திசைதான் வேறு.

பூண்டில் இந்தக் கத்தி விவகாரம் இன்னும் பெரிது. பூண்டுப் பல்லுக்குள் அலியின் என்ற பொருளும் அலினேஸ் என்ற நொதியமும் தனித்தனியே இருக்கின்றன. நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து அலிசின் உண்டாகி அந்த மணமும் காரமும் பிறக்கின்றன. சூடு பட்டால் நொதியம் செயலிழந்துவிடும். ஆகவே முழுப் பல்லாக வேகவைத்தால் சாது, வட்டமாக அரிந்தால் கொஞ்சம் முறைக்கும், அம்மியில் நசுக்கிப் பத்து நிமிடம் விட்டால் சண்டைக்கு வரும்.

இதை நான் கற்றது ஒரு விருந்தாளியால். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் சித்தி குடும்பம் கோத்தகிரிக்குப் போனது. அங்கிருந்து 2023இல் வந்த சித்தி மகன் பையில் இரண்டு பிடி கொடைக்கானல் மலைப்பூண்டு கொண்டுவந்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. சீனப் பூண்டுக்குப் போடும் அதே அளவில் ரசத்துக்கு நசுக்கிப் போட்டேன். வீடே மணத்தது, பிள்ளைகள் ரசத்தைத் தொடவில்லை. மறுநாள் அதே அளவை முழுப் பல்லாகப் போட்டேன், பானை காலியானது. அதன் பிறகு கடையில் எந்தப் பூண்டு இருக்கிறது என்று நான் அதிகம் கவலைப்படுவதில்லை. சாதுவான பூண்டு என்றால் நசுக்கி வைக்கிறேன். முரட்டுப் பூண்டு என்றால் முழுதாகப் போடுகிறேன்.

பூண்டுக் குழம்பு பற்றி ஒரு குறிப்பு. நுவரெலியாவில் இருக்கிற அக்கா "எவ்வளவு கொதித்தாலும் பல் வேகவில்லை" என்று புலம்பிக்கொண்டிருந்தார். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. அதோடு அவர் புளியை முதலிலேயே ஊற்றுகிறவர். புளிப்பு இருந்தால் எந்தக் காயும் மெதுவாகத்தான் மசியும். பூண்டைத் தேங்காய்ப்பாலில் மெத்தென்று வேகவிட்டுப் புளியைக் கடைசியில் சேர்க்கச் சொன்னேன். இப்போது குக்கரையும் எடுத்துக்கொள்கிறார், புலம்பல் நின்றுவிட்டது.

பணம் வீணான கதையும் உண்டு. ஒரு முறை எலுமிச்சை ஊறுகாயில் உரித்த பூண்டு போட்டேன். நாலாம் நாள் பல்லெல்லாம் மயில் கழுத்து நிறம். நஞ்சு என்று பயந்து போத்தலோடு குழி தோண்டிப் புதைத்தேன். குளிரில் இருந்த பூண்டு புளிப்போடு சேரும்போது அதன் கந்தகச் சேர்மங்கள் இப்படி நீலப்பச்சை நிறம் காட்டும், சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர்க் குளிரில் அலுமாரியும் குளிர்சாதனப் பெட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். இனி நடந்தால் புதைக்க மாட்டேன்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது இன்னொன்று. நேரம் மிச்சமாகும் என்று உரித்த பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு அலுமாரியில் இரண்டு கிழமை வைத்திருந்தேன். மனைவியின் தோழியான தாதி ஒருவர் பார்த்துவிட்டு உடனே கொட்டச் சொன்னார். எண்ணெய்க்குள் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு அதுதான் சொர்க்கம். 1985இல் கனடாவின் வன்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டினால் பலர் இப்படித்தான் நோய்வாய்ப்பட்டார்கள். நிறமும் மணமும் மாறாது என்பதுதான் கொடுமை. இப்போது பூண்டெண்ணெய் வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் காய்ச்சுகிறேன்.

போத்தலில் வரும் பூண்டு விழுதை இரண்டு தடவை வாங்கினேன். வினாகிரிப் புளிப்புத்தான் முன்னால் நின்றது, மூன்றாவது தடவை வாங்கவில்லை. பூண்டுத் தூள் அவசரத்துக்கு நல்லது: ஒரு பல்லுக்குக் கால் தேக்கரண்டியில் பாதி. நேரே எண்ணெயில் போட்டால் கருகும். பச்சைத் தண்ணீரில் குழைத்துச் சில நிமிடம் விட்டால் கொஞ்சமாவது விழித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் நாட்களில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. அவர்களுக்குக் கொடுத்தனுப்பும் பருப்புக்கு நெய்யில் பொரித்த பெருங்காயம் போதும். அதுவும் கந்தக மணந்தான்.

சேமிப்பில்தான் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். குளிரும் ஈரமும் சேர்ந்த காற்றில் வெங்காயமும் பூண்டும் விதை என்று நினைத்து முளைத்துவிடுகின்றன. வலைப்பையில் போட்டு விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் ஆறு கிழமை தாங்கும், எரிவாயு அடுப்புக்கு மாறிய பிறகு மூன்று கிழமைதான். முளைத்த பல்லை அம்மா வெட்டிப்போட விடுவதில்லை. உரப்பையில் மண் நிரப்பி நட்டுவிட்டார். இப்போது முட்டை பொரிக்கும்போது வெங்காயத்துக்குப் பதிலாக அந்தப் பூண்டுத் தாளைத்தான் பிள்ளைகள் கிள்ளிக்கொண்டு வருகிறார்கள்.